துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்: கடையில் வாங்குவதா, வீட்டில் கலப்பதா?

அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கியையோ .22 ரைஃபிளையோ முறைப்படி வாங்கி, ரேஞ்சில் இரண்டு பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு எழும் அடுத்த கேள்வி, இதை எதைக் கொண்டு துடைத்து, எந்த எண்ணெயைப் போடுவது என்பதுதான். கடைக்குப் போனால் ஓர் அலமாரி நிறையப் புட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தானே சிறந்தது என்கிறது. அனுபவசாலிகளைக் கேட்டால் ஒருவர் காருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலே போதும் என்பார், இன்னொருவர் மண்ணெண்ணெயில் தாமே கலந்து வைத்திருக்கும் சிவப்புத் திரவத்தைக் காட்டுவார். அங்கே குறி சுடுதலையோ வேட்டையையோ புதிதாகத் தொடங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழுக்கைக் கரைக்கும் திரவத்தை வீட்டில் கலக்கலாம், அதுவும் நிறையச் சுடுபவருக்கு மட்டுமே லாபம், உராய்வைக் குறைக்கும் எண்ணெயைக் கடையில் வாங்குவதே மேல், சமையலறை எண்ணெய் எதையும் துப்பாக்கியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வேலை ஒன்றல்ல, மூன்று

எந்தப் புட்டியை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், அந்தப் புட்டி என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வேலை கரைப்பது. தோட்டா வெடித்தபின் குழலுக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும் எரிந்த மருந்தின் கரி, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் எச்சம், தோட்டாவின் முனையிலிருந்து உரசி ஒட்டிக்கொண்ட ஈயம் அல்லது செம்பு ஆகியவை படிகின்றன. இவற்றை இளக்கி வெளியே கொண்டுவருவது கரைப்பானின் வேலை. இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும் உலோகப் பரப்புகளுக்கு இடையே ஒரு மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது. மூன்றாவது, துப்பாக்கி பெட்டிக்குள் சும்மா இருக்கும் வாரக்கணக்கில் ஈரக்காற்றும் கைவியர்வையும் உலோகத்தைத் தொடாதபடி காப்பது.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை. நன்றாகக் கரைக்கும் திரவம் பெரும்பாலும் விரைவில் ஆவியாகிவிடும். அப்படி ஆவியாவது துருவிலிருந்து காக்க உதவாது. நீண்ட நாள் நின்று காக்கும் கெட்டியான கிரீஸ், வேகமாக ஓட வேண்டிய பாகத்தில் கரியையும் தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே 'எது சிறந்த எண்ணெய்' என்ற கேள்விக்கு விடை கிடையாது. 'எந்த வேலைக்கு' என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும்.

சுத்தம் செய்வதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போரில் எம்-16 ரைஃபிளுக்கு நேர்ந்ததே போதிய சான்று. 1960களின் நடுவில் அந்தத் துப்பாக்கி படைவீரர்களின் கைக்கு வந்தபோது, அதற்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவில் கொடுக்கப்படவில்லை. தோட்டாவின் வெடிமருந்து வகை மாற்றப்பட்டதும், தோட்டா அமரும் இடமான சேம்பருக்குக் குரோமிய முலாம் இல்லாமல் ஈரத்தில் அரித்துப்போனதும் சேர்ந்துகொள்ள, சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் கோளாறு களத்தில் உயிர்களைக் குடித்தது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. பின்னர் குரோமிய முலாமும், சுத்தம் செய்யும் பெட்டியும், முறையான பயிற்சியும் வந்த பிறகே அந்த ரைஃபிளின் பெயர் தேறியது.

கடையில் என்ன கிடைக்கிறது

புதிதாகத் தொடங்குபவர் அலமாரியில் முதலில் தேட வேண்டியது சி.எல்.பி. என்று குறிக்கப்பட்ட புட்டி. சுத்தம், வழுக்கு, காப்பு ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அமெரிக்க ராணுவம் இந்த வகைக்கென 63460 என்ற எண்ணில் ஒரு தரக் குறிப்பை வைத்திருக்கிறது. பிரேக்-ஃப்ரீ போன்ற தயாரிப்புகள் அந்தக் குறிப்பை ஒட்டி வருபவை. மூன்று வேலையையும் ஒரே புட்டி செய்கிறது என்றால் மூன்றையும் நடுத்தரமாகச் செய்கிறது என்று பொருள், ஆனால் மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகும் ஒருவருக்கு அந்த நடுத்தரம் தாராளமாகப் போதும். பயன்படுத்தும் முன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், ஏனெனில் சில சி.எல்.பி.களில் திடத் துகள்கள் கலந்திருக்கும். அவை அடியில் தங்கிவிட்டால் மேலே இருக்கும் நீர்த்த பகுதி மட்டுமே துப்பாக்கியில் விழும்.

குழல் மட்டும் அதிகமாகக் கரிபிடித்திருந்தால் தனிக் கரைப்பான் தேவைப்படும். இந்த வகையில் பழம்பெருமை உடையது ஹாப்பீஸ் நம்பர் 9. ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி என்பவர் 1903இல் உருவாக்கிய இந்தத் திரவத்தில் வாழைப்பழ எசன்ஸ் போன்ற ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே அதை விடாமல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது கரைப்பான்தானே தவிர எண்ணெய் அல்ல, எனவே துடைத்தெடுத்துவிட்டு மேலே எண்ணெய் போட வேண்டும். ஜெர்மானியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ராணுவத்துக்காக உருவாக்கிய பாலிஸ்டால் வேறு ஜாதி. அது தண்ணீரோடு சேர்ந்து பால் போலக் கலக்கும். மரம், தோல், உலோகம் மூன்றையும் கெடுக்காது. பழைய மரக்கட்டை ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டபிள்யூ.டி.-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. 1953இல் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சிறு நிறுவனம் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்த திரவம் அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியது என்பதால் அந்த எண். மழையில் நனைந்த வேட்டைத் துப்பாக்கியின் இடுக்குகளிலிருந்து ஈரத்தை வெளியேற்ற அது நல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சும் மெல்லிய எண்ணெய் நீண்ட உராய்வைத் தாங்காது. துடைக்காமல் மேலும் மேலும் அடித்துக்கொண்டே வந்தால் நாளடைவில் பழுப்பு நிறப் பிசின் போலப் படியும். தண்ணீரை விரட்டியதும் துடைத்துவிட்டு உரிய எண்ணெயைப் போடுவதே சரி.

தையல் மெஷின் எண்ணெயும் 1894 முதல் விற்பனையில் உள்ள த்ரீ-இன்-ஒன் எண்ணெயும் இலேசான கனிம எண்ணெய்கள். அவசரத்துக்கு ஒரு சொட்டு விடுவதில் தவறில்லை; ஆனால் சூடேறும் பாகங்களில் அவை நெடுநேரம் நிற்பதில்லை. எம்-1 கேரண்ட் போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களில் எண்ணெய்க்குப் பதில் கிரீஸே போட வேண்டும் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தெளிவாகிவிட்டது, மழை எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால். பாரமாகவும் மெதுவாகவும் வழுக்கும் பரப்புக்குக் கிரீஸ், இலேசாகவும் வேகமாகவும் ஓடுவதற்கு எண்ணெய் என்ற இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வீட்டுக் கலவை: எட்ஸ் ரெட்

வீட்டில் கலக்கும் துப்பாக்கித் திரவங்களில் பேர்பெற்றது எட்ஸ் ரெட். துப்பாக்கித் தொழில்நுட்ப எழுத்தாளர் எட் ஹாரிஸ் வெளியிட்ட இந்தக் கலவைக்கு ஒரு மூதாதை உண்டு. பிலடெல்பியாவில் இயங்கிய ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலையில் பயன்பட்டு, மேஜர் ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் 1947இல் நூலில் பதிவுசெய்த கலவை அது: அசிட்டோன், டர்பென்டைன், சுத்திகரித்த மண்ணெண்ணெய், ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய். திமிங்கில எண்ணெய் அந்தக் காலத்தில் காரின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலிலும் சேர்க்கப்பட்டு வந்தது. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்ததும், கார் நிறுவனங்கள் அதற்கு ஈடாகச் செயற்கைச் சேர்மானங்களைக் கண்டுபிடித்தாக வேண்டியதாயிற்று. ஹாரிஸ் செய்தது, திமிங்கில எண்ணெய் இருந்த இடத்தில் அந்தப் புதிய கியர் ஆயிலையே வைத்ததுதான். எதனால் கார் ஆயில் துப்பாக்கிக்குள் நுழைந்தது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

கலவை எளிது. மேலே சொன்ன கியர் ஆயில், அதாவது டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒரு பங்கு, கே-1 தர மண்ணெண்ணெய் ஒரு பங்கு, பெயின்டை இளக்கப் பயன்படும் மினரல் ஸ்பிரிட்ஸ் ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. துரு தடுக்கும் திறன் கூட வேண்டும் என்றால் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினைச் சிறிது சேர்க்கலாம். அசிட்டோன் கரியை விரைவாக இளக்கும், ஆனால் அதுவே இந்தக் கலவையின் ஆபத்தான உறுப்பும்கூட, ஏனெனில் அதன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. மேலும் அது துப்பாக்கிக் கட்டையின் வார்னிஷையும் சில பிளாஸ்டிக் பாகங்களையும் உருக்கிவிடும். நான் புதியவர்களுக்குச் சொல்வது, அசிட்டோனை அடியோடு விட்டுவிடுங்கள் என்பதே. மற்ற மூன்றும் சேர்ந்தாலே சற்று மெதுவாக, ஆனால் போதிய அளவுக்குக் கரைக்கும்.

கலக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அதன் அடியில் எரியும் சிறு சுடர் ஆவியைப் பற்றவைக்கும். கராஜின் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம், முற்றத்துக்கே போய்விடுங்கள். மினரல் ஸ்பிரிட்ஸ் வாங்கும்போது தெளிந்த திரவமாகப் பார்த்து வாங்க வேண்டும்; சுற்றுச்சூழலுக்கு இசைந்தது என்று விற்கப்படும் பால்வெள்ளை நிற வகையில் தண்ணீர் கலந்திருக்கும், அது மற்றவற்றோடு சேராது, இரும்பில் போட்டால் துருவைத்தான் தரும். மண்ணெண்ணெயை அமெரிக்க வழக்கப்படி நீல நிறக் கேனிலேயே வாங்கி வையுங்கள். சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு உரியது, மாறிவிட்டால் விபரீதம். பெட்ரோலைக் கரைப்பானாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கலந்த திரவத்தை இறுக மூடும் உலோக டப்பாவில் ஊற்றி, என்ன கலந்தது, எந்தத் தேதியில் என்று மேலே எழுதி ஒட்ட வேண்டும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் காலியான தண்ணீர் பாட்டிலில் எதையாவது ஊற்றி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கியர் ஆயிலின் சாயத்தால் இந்தக் கலவையோ பார்ப்பதற்கு ரோஸ் சிரப் போலவே இருக்கும். மண்ணெண்ணெயைக் குடித்துவிடும் குழந்தைக்கு வயிற்றைவிட நுரையீரலில்தான் பெருங்கேடு விளைகிறது.

இனி கணக்குக்கு வருவோம். நான்கு பொருள்களிலும் ஒவ்வொரு குவார்ட் கலந்தால் ஒரு காலன், அதாவது 128 அவுன்ஸ் கிடைக்கும். அந்தப் பொருள்களுக்கு மொத்தம் 40, 50 டாலர் ஆகலாம். கடைக் கரைப்பான் 5 அவுன்ஸ் புட்டியே 10 டாலரை ஒட்டி விற்கிறது என்னும்போது, வீட்டுக் கலவை மிக மலிவு என்று தோன்றும். ஆனால் ஒரு கைத்துப்பாக்கியைச் சுத்தம் செய்ய அரை அவுன்ஸ் கரைப்பானே தாராளம். மாதம் ஒருமுறை சுடுபவருக்கு ஆண்டுக்கு 6 அவுன்ஸ் செலவாகும்; ஒரு காலன் தீர 21 ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை நாள் தீப்பற்றும் திரவத்தை வீட்டில் வைத்திருப்பதற்குப் பதில் ஆண்டுக்கு இரண்டு சிறு புட்டி வாங்கிவிடலாம். பத்துப் பேர் சேர்ந்து ரேஞ்சுக்குப் போகிறவர்கள், வாரந்தோறும் போட்டிகளில் சுடுகிறவர்கள், பாகங்களை முழுதாக ஊறவைத்துக் கழுவ நினைப்பவர்கள் ஆகியோருக்கே கலவை பயன்தரும். எண்ணெயின் நிலையோ இன்னும் தெளிவு: ஒரு துப்பாக்கிக்கு ஒரு தடவைக்கு ஐந்தாறு சொட்டுதான் வேண்டும், எனவே அதில் மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை.

எஞ்சின் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. புதிய, செயற்கை வகை எஞ்சின் ஆயில் நல்ல வழுக்கு எண்ணெய்தான், கேடு ஒன்றும் செய்யாது. நிறையச் சுடும் பலர் அதையே போடுகிறார்கள். ஆனால் அது கரைப்பான் அல்ல, குழலைத் துடைக்க அதை நம்ப வேண்டாம். காரிலிருந்து வடித்த பழைய கறுப்பு ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதில் உலோகத் துகளும் அமிலமும் சேர்ந்திருப்பதோடு, தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு.

சமையலறை எண்ணெய் ஏன் கூடாது

தேங்காய் எண்ணெய் பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் போட்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதால் இந்தக் கேள்வி வந்தே தீரும். தாவர எண்ணெய்களின் வழுக்கும் தன்மையில் குறையில்லை. குறை அதன் ஆயுளில் இருக்கிறது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகிப் பசையாகிவிடும். வாணலியின் வெளிப்பக்கம் தேய்த்தாலும் போகாத மஞ்சள் படலம் அப்படித்தான் உண்டாகிறது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்சாதனம் ஓடும் அமெரிக்க வீட்டில் அலமாரிக்குள்ளேயே அது உறைந்துதான் கிடக்கும். விளக்கெண்ணெயை முதல் உலகப் போர் விமான எஞ்சின்களில் ஊற்றினார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த எஞ்சின்களில் எண்ணெய் தங்குவதில்லை, புகையோடு வெளியே போய்க்கொண்டே இருக்கும், புதிது வந்துகொண்டே இருக்கும். துப்பாக்கியிலோ அதே எண்ணெய் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரே விலக்கு கரிமருந்துத் துப்பாக்கிகள். பழங்கால முறையில் கரிமருந்தை அளந்து கொட்டிச் சுடும் துப்பாக்கிகளில் பெட்ரோலிய எண்ணெய் கரியோடு சேர்ந்து தார் போல இறுகும் என்பதால், அவற்றில் சுடுபவர்கள் இன்றும் தேன்மெழுகையும் கொழுப்பையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கித் தாமே மெழுகு செய்துகொள்கிறார்கள். நம் வரலாற்றுக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாக்களில் தடவியது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும்தான் என்ற பேச்சு பரவிச் சிப்பாய்களிடையே கொந்தளிப்பு எழுந்தபோது, அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் கம்பெனி அரசு, கொழுப்புத் தடவாத தோட்டாக்களைக் கொடுத்து, தாம் விரும்பும் பொருளைச் சிப்பாய்களே தடவிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டிருந்தது.

செய்முறை

நவீன கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கிளாக் வகை பரவலாக இருப்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு அதனதன் கையேடே முதல் ஆசான்.

முதலில் தோட்டாக்களை அப்புறப்படுத்த வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை வெளியே எடுத்த பிறகே, துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரல் நுனியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் ஒருமுறை பாருங்கள். கிளாக்கைப் பிரிக்க டிரிகரை இழுத்தாக வேண்டும் என்பதால் இந்த இரண்டாம் சோதனை மிகை அல்ல. அப்போதும் குழல் ஆபத்தில்லாத திசையையே நோக்கியிருக்கட்டும்.

அடுத்து, ஜன்னல் திறந்த, உணவு வைக்காத மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். பிரைமரிலும் தோட்டா முனையிலும் ஈயம் இருக்கிறது. கரைப்பான் அதைக் கையிலும், கை அதை வாயிலும் சேர்க்கும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த ஒரு பழக்கத்தில் சமரசமே கூடாது.

பிரித்த பிறகு குழலில் தொடங்குங்கள். கரைப்பானில் நனைத்த துணித் துண்டைச் சேம்பர் பக்கமாக நுழைத்து முன்பக்கமாகத் தள்ளி வெளியே எடுத்துவிட்டு, 10 நிமிடம் ஊறவிடுங்கள். குழலின் முன்விளிம்பில் துணியைத் தள்ளும் ராட் உரசித் தேய்த்தால் குறி தவறும் என்பதால்தான் பின்பக்கமிருந்து தொடங்குகிறோம். பிறகு வெண்கலப் பிரஷை முழுதும் வெளிவரும் வரை தள்ளி, முழுதும் இழுங்கள். பாதி வழியில் திருப்பினால் பிரஷின் முட்கள் மடங்கிவிடும். அதன்பின் உலர்ந்த துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக விடுங்கள். முதலில் வருவது கறுப்பாகவும், பிறகு சாம்பலாகவும் இருக்கும். ஏறக்குறைய வெள்ளையாக வந்ததும் நிறுத்திவிடலாம். பனிவெள்ளையாகும் வரை விடமாட்டேன் என்று மல்லுக்கு நிற்பது துணிக்குத்தான் வீண் செலவு.

ஸ்லைடைக் கழுவும்போது முன்பக்கம் கீழே பார்க்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில், பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் வெளிவரும் ஒரு சிறு துளை இருக்கிறது. கரைப்பானும் எண்ணெயும் அதற்குள் வழிந்தால் கரியோடு சேர்ந்து சேறாகி, பின்னின் வேகத்தைக் குறைக்கும். அந்தக் குழியும் மேகசினின் உட்புறமும் உலர்ந்தே இருக்க வேண்டியவை. புதுக் கிளாக்கில் ஸ்லைடின் உட்புறம் செம்பு நிறத்தில் ஒரு கிரீஸ் பூசியிருக்கும்; அதை அழுக்கு என்று நினைத்து வழித்தெடுக்காதீர்கள், தொடக்கக் காலத் தேய்மானத்துக்காகத் தொழிற்சாலையில் பூசியது அது.

கடைசியில் எண்ணெய். எண்ணெய் நனைத்துப் பிழிந்த துணியால் குழலின் வெளிப்புறத்தை ஒற்றியெடுங்கள். ஸ்லைடின் இரு பக்கத்து ரெயில் பள்ளத்திலும் ஒரு சொட்டு விட்டு விரலால் ஓடவிடுங்கள். டிரிகரோடு இணைந்த தகடான டிரிகர் பாரின் பின்முனை, கனெக்டர் என்ற சிறு தகட்டோடு உரசும் மூலையில் ஒரு சொட்டு. இந்த மூலையைத்தான் கையேடு முக்கியமாகச் சொல்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். இவ்வளவே. விரலால் தொட்டால் பளபளப்பு ஒட்ட வேண்டும், சொட்டு திரளக் கூடாது. எண்ணெய் வழிய வழிய இருந்தால் அது அடுத்த முறை சுடும்போது மூக்குக்கண்ணாடியில் தெறிக்கும், எரியாத மருந்துத் துகள்களையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஏ.ஆர்.-15 ரைஃபிளுக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியர் மட்டும் இதற்கு மாறானது. அது சற்று ஈரமாக இருந்தால்தான் தடையின்றி ஓடும்.

.22 ரைஃபிள்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அந்தத் தோட்டாவின் ஈய முனையில் மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பதால் குழல் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் குழலைத் தேய்க்க வேண்டியதில்லை. சேம்பர் வாயிலும் அதை மூடும் போல்டின் முகத்திலும் சேரும் மெழுகுக் கரியை மட்டும் அவ்வப்போது வழித்தெடுத்தால் போதும்.

சில சிறப்பு நிலைமைகள்

குழலில் செம்பு படிந்து குறி சிதறுகிறது என்றால் சாதாரணக் கரைப்பானோ எட்ஸ் ரெட்டோ உதவாது. அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பான் வேண்டும். அதை லேபிளில் சொன்ன நிமிடத்துக்கு மேல் குழலில் விடாதீர்கள், நிக்கல் முலாம் பூசிய பாகத்தில் படவும் விடாதீர்கள். துணித் துண்டு நீலப்பச்சையாக வருவது செம்பு கரைவதன் அடையாளம். ஆனால் வெண்கலப் பிரஷில் செம்பு இருப்பதால், அதைப் போட்டுத் தேய்த்தால் சுத்தமான குழலிலிருந்தும் நீலம் வந்துகொண்டே இருக்கும். இங்கே நைலான் பிரஷுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மோசின்-நாகன்ட் போன்ற பழைய ரைஃபிள்களில் சோவியத் முகாம் நாடுகளின் பழைய ராணுவத் தோட்டாவைச் சுடுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தப் பிரைமர்களில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படிகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருப்பிடிக்க வைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அடித்தால் அதிலுள்ள அம்மோனியா உப்பை முறிக்கும் என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. வேலை செய்வது அம்மோனியா அல்ல, அந்தத் திரவத்தில் பெரும்பங்காக இருக்கும் தண்ணீர்தான். எனவே அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றி, அல்லது ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பாலிஸ்டால் கலந்து துணியை நனைத்துப் பலமுறை விட்டு, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுங்கள். வெந்நீரால் குழல் சூடேறியிருந்தால் ஈரம் தானே காய்ந்துவிடும்.

துணிகளும் பாதுகாப்பும்

கரைப்பானில் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடக் கூடாது. வெளியே விரித்துக் காயவைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் சேர்த்து, உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். மிஞ்சிய திரவத்தையும் அங்கேயே கொடுங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள். துப்பாக்கிக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி இதைவிடவும் ஆபத்து, குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

ஹூஸ்டன் போன்ற ஈரப்பதமான ஊர்களில் துப்பாக்கியைத் தோல் உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ நெடுநாள் வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பையோடு வையுங்கள். நீளத் துப்பாக்கிகளை முன்பக்கம் கீழாக நிறுத்தினால் மிகை எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, எண்ணெய் பழுப்பேறிக் கையில் ஒட்டுகிறது என்றால் மேலே இன்னொரு சொட்டு விடாமல், பழையதைக் கரைப்பானால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மறுபடியும் சுடப் போகும் நாளில் முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்குள் ஓர் உலர்ந்த துணித் துண்டை ஓட்டி எடுத்துவிடுங்கள். குழலில் எண்ணெய் தேங்கியிருக்கச் சுட்டால் உள்ளழுத்தம் கூடும், முதல் இரண்டு குண்டுகள் குறியை விட்டு விலகியே போகும்.